எஸ்எம்பிஎஸ் மட்டும் புதுசு

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற வேண்டுமானால் மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. கணக்குப் பிரிவிலும் கால் சென்டரிலும் உழைத்துக் கழிந்த அந்தப் பெட்டிகள் ஏலத்தில் கைமாறி, சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்பி ரோடு வழியாகச் சின்ன ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. இதற்கிடையே 2025 கடைசியில் புது ரேம் விலை எகிறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் ‘குரூஷியல்’ என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. புதுசாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று காசு சேர்த்துவந்த பையன்கள் பழைய சாமான் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. ஒரு பக்கம் சிறுமலை, சுற்றிலும் மாந்தோப்பும் புளியமரமும். இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் என்பது 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிதான். அதில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அதை அழித்துவிட்டு வைஸ் சிட்டி கேம் ஏற்றியதுதான் ஒரு தலைமுறைக்கே முதல் கணினிப் பயிற்சி என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால், மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு செருக முடியாது. அதனால் அடுத்த தலைமுறை டெஸ்க்டாப்புக்கே திரும்பியிருக்கிறது.

சாணார்பட்டியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி கட்டிய பெட்டியை மாடி ஷீட் அறையில் பார்த்தேன். வெளியே பார்த்தால் ஏதோ வங்கிக் கவுண்ட்டரில் இருந்து எழுந்து வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. உள்ளே நான்காம் தலைமுறை ஐ5-4570 சிப், இரண்டு ரேம் குச்சிகள், ஒரு ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு நீளம். ஹார்ட் டிஸ்க் மாட்டும் தகரக்கூடு குறுக்கே நின்றதால் அதை ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்திருந்தார். வெட்டிய விளிம்பில் கை கிழியாமல் இன்சுலேஷன் டேப். பெட்டியிலேயே புதுசாக மின்னியது ஒன்றுதான்: பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். “பதினொரு வருச சிப்பை நம்பி வாங்கிட்டு, இதை மட்டும் ஏன் தம்பி புதுசா?” என்று கேட்டேன். “சிப்பு எங்கண்ணே போயிரப் போகுது? மத்ததுதான் போகும்” என்றார்.

இந்த ஒரு வரியில் நிறைய இயற்பியல் இருக்கிறது.

சிலிக்கான் சிப்புக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. அதற்கும் வயதாகும் வழி ஒன்று உண்டு: மெல்லிய உலோகக் கம்பிகள் வழியே எலக்ட்ரான்கள் பாயும்போது உலோக அணுக்களையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்று பெயர். மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் ஏற ஏற இந்தத் தேய்மானம் எப்படிக் கூடும் என்பதற்கு 1969-லேயே ஜேம்ஸ் பிளாக் சமன்பாடு கொடுத்துவிட்டார். கம்பெனி நிர்ணயித்த வோல்டேஜில், வேர்டும் எக்செலும் ஓட்டிய அலுவலகச் சிப்புக்கு இந்த வழியில் சாவு வருவது அபூர்வம். வோல்டேஜ் மீறினால் கதை வேறு. 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சீக்கிரமே தளர்ந்துபோய், கம்பெனி மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டிவந்தது. அந்த வகையில் நான்காம் தலைமுறை ஐ5 பரீட்சை எழுதி முடித்துவிட்ட சிப்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அப்படியில்லை. அதற்குள் திரவம் இருக்கிறது. ரப்பர் அடைப்பின் வழியே அது வருடக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், பத்து டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்ட கெப்பாசிட்டர், 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம் தாங்கும். ஏசி அறையில் பகலில் மட்டும் ஓடினால் பதினைந்து வருடம்கூட வரும். ஷீட் கூரைக்கு அடியில், சித்திரை மாதத்தில், ராத்திரி பகலாக கேம் ஓடினால் எவ்வளவு வரும் என்று அந்தக் கைக்கணக்கை வைத்தே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 2000-களின் தொடக்கத்தில் மட்டமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க வீங்கி வெடித்தன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 போர்டுகள் அதில் பெயர் கெட்டன. அவற்றுக்குப் பின் வந்த போர்டுகளில் சிப்பைச் சுற்றித் திரவம் இல்லாத பாலிமர் கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டதால் மதர்போர்டைப் பற்றிய பயம் குறைந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளே மட்டும் அந்தப் பழைய திரவக் குப்பி இன்னும் இருக்கிறது.

அதன் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்றுக்கு விடை கிடைக்கும்: “இன்வெர்ட்டர் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுது.” நம் 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சி சுமார் 325 வோல்ட். எஸ்எம்பிஎஸ் அதை நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கிவைக்கும். கரண்ட் நின்ற கணத்தில், அந்தத் தேக்கத்தை வைத்துச் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி. அதற்குள் இன்வெர்ட்டர் கைகொடுக்க வேண்டும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால்தான் அது அந்த வேகத்தில் மாறும், சாதாரண நிலையில் இன்னும் மெதுவாகத்தான் மாறும். சுவிட்சைப் போட்ட பிறகும் கம்ப்யூட்டர் அணைந்தால், கெப்பாசிட்டர் காய்ந்து கொள்ளளவு இழந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘யூபிஎஸ் கம்ப்ளைன்ட்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்புவதற்கு முன் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். சந்தேகம் தீர எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் உயிர்குடிக்கும் வோல்டேஜ் நிற்கலாம்.

புதுசு வாங்கினால் மட்டும் போதாது, லேபிளையும் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 168 வாட். மிச்சமெல்லாம் கேமிங்குக்கு உதவாத 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கு, இல்லையென்றால் வெறும் பெயின்ட். ஐ5-4570-க்கு 84 வாட், ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட். இந்த இரண்டுக்கே 269 வாட் ஆகிறது, இரண்டும் குடிப்பது 12 வோல்ட் வழியில்தான். பெட்டியோடு வந்த டெல் எஸ்எம்பிஎஸ் 290 வாட். அது நேர்மையான 290தான் என்றாலும் கார்டுக்குத் தேவையான எட்டு பின் இணைப்பு அதில் இல்லை.

இங்கேதான் பலர் ஓர் அபாயகரமான குறுக்குவழியில் போகிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரை கிராஃபிக்ஸ் கார்டின் பின்னாக மாற்றித் தரும் அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆகமொத்தம் 54 வாட். எட்டு பின் இணைப்போ 150 வாட் வரை இழுக்க உரிமை உள்ளது. அளவுக்கு மீறிய அந்த மின்னோட்டத்தில் மெல்லிய தகடு சூடேறத்தான் செய்யும். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்தபின் தெரிந்து என்ன பயன்? தம்பி செய்தது வேறு. டெல் மதர்போர்டில் வழக்கமான 24 பின் இருக்காது, அவர்களுடைய சொந்த எட்டு பின்தான். அதற்கென்று 24-லிருந்து 8-க்கு மாற்றும் வயர் தனியாக விற்கிறது. அதை வாங்கி, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, கார்டுக்கு எட்டு பின்னை நேரடியாகக் கொடுத்திருந்தார். இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு 75 வாட் கார்டுகள் இருக்கின்றன. ஜிடிஎக்ஸ் 1650-ல் தனிப் பவர் வயர் கேட்காத மாடல்கள் உண்டு. மதர்போர்டு ஸ்லாட்டே அந்த 75 வாட்டைக் கொடுத்துவிடும். பழைய ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டோடு முடித்துக்கொள்ளும்.

ஆர்எக்ஸ் 580 இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் 2022 செப்டம்பர் 15. அன்றுதான் எத்திரியம் நாணயம் தன் கணக்கு முறையை மாற்றியது. அதுவரை இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போனது. மைனிங் கார்டா, ஐயோ வேண்டாம் என்பார்கள். நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள சால்டர் பொட்டுகளைக் களைப்படைய வைப்பது சூடேறிச் சூடேறி ஆறும் சுழற்சி. மைனிங்கில் வெப்பம் ஒரே சீராக இருக்கும். காசு மிச்சம் பிடிக்கப் பலர் வோல்டேஜையும் குறைத்தே ஓட்டினார்கள். தேய்ந்திருப்பது ஃபேன். காய்ந்திருப்பது தெர்மல் பேஸ்ட்டும் மெமரி சிப் மேலுள்ள பேடும். மூன்றும் மாற்றக்கூடியவை. மாறாக, ‘டிஸ்ப்ளே வராத கார்டு, ஹீட் அடிச்சு ரெடி பண்ணிட்டோம்’ என்பதை வாங்கவே வேண்டாம். சூட்டில் விரிசல் தற்காலிகமாக ஒட்டியிருக்கும், சில வாரத்தில் மறுபடி விடும்.

ஏமாற்று வேறு வகையிலும் உண்டு. 2018-ல் சீனச் சந்தைக்கென்று ஏஎம்டி ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்று ஒன்றை விட்டது. பெயரில் 580, உள்ளே 570. உண்மையான 580-ல் 2,304 கணக்கு அலகுகள். பழைய என்விடியா கார்டின் பயாஸைத் திருத்தி ‘1050 டிஐ’ என்று காட்டவைப்பவர்களும் உண்டு. ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வெளுத்துவிடும். ஓட்ட விடாத கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி வெப்பம். யூடியூபில் வெளிநாட்டு விமர்சகர் ஒரு கார்டு 72 டிகிரியில் ஓடுவதாகக் காட்டுவார். அவர் அறை 22 டிகிரி. ஹீட் சிங்க் அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்றுதான் கணக்கு வைக்கும். அவருக்கு அது 50. சாணார்பட்டியில் 38 டிகிரி மத்தியானத்தில் அதே கார்டு 88-ஐத் தொடும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் கூடும். இதற்கு வண்ண விளக்கு எரியும் ஃபேன்களை வரிசையாக மாட்டுவது ஒரு வைத்தியம். ஆனால் உள்ளே இழுக்க ஒன்று, வெளியே தள்ள ஒன்று இருந்தால் போதும், முன்பக்கம் கொசுவலைத் துண்டை ஒட்டினால் தூசியும் பல்லியும் உள்ளே வராது. காசே செலவாகாத வைத்தியம் வோல்டேஜைக் குறைப்பது. சிப் குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.15 வோல்ட்டை 1.05 ஆக்கினால், வேகத்தைத் துளியும் குறைக்காமலே, கணக்குப்படி 17 சதவீதம் மிச்சம். 185 வாட் கார்டில் ஏறக்குறைய 30 வாட். ஏஎம்டி டிரைவரிலேயே அதற்கான கட்டம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கேம் ஓட்டிப் பார்த்து, திரை உறைந்தால் ஒரு படி மேலே வந்துவிட வேண்டும். பெட்டியை நோண்டுவதில் இதைவிட உருப்படியான வேலை எனக்குத் தெரியவில்லை.

சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட் விஷயத்தில் தாராளம் வேண்டாம். அது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும், தாமிரமோ அந்தப் பேஸ்ட்டைவிடப் பல பத்து மடங்கு கடத்தும். உலோகங்களுக்கு நடுவே உள்ள நுண்பள்ளங்களில் காற்றை வெளியேற்ற மட்டுமே அது. அதற்கு மேல் அப்பினால் தடுப்புச் சுவர்.

தம்பியின் பெட்டியைத் தொட்டபோது விரலில் சுள்ளென்றது. பலரும் இதை ‘லேசா ஷாக் அடிக்கும், பழகிரும்’ என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர், இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இல்லாத பாயின்டில் மாட்டினால் அனுப்ப இடமில்லாமல், இரண்டுக்கும் நடுவே சுமார் 115 வோல்ட்டில் கேபினெட் மிதக்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. ஆனால் நிஜமான கசிவு ஒன்று வந்தால் காப்பாற்ற அங்கே எதுவும் இருக்காது. மாடிக்கு இழுத்த இரண்டு வயர் எக்ஸ்டென்ஷனை மாற்றி, கீழிருந்து எர்த் வயரோடு தனி லைன் இழுக்கச் சொன்னேன். கார்டு வாங்கும் பட்ஜெட்டிலேயே இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

எதெல்லாம் ஓடும்? ஜிடிஏ 5 தாராளமாக ஓடும். வேலரன்ட் கேமுக்கு இந்தப் பெட்டியே அதிகம். அதை விண்டோஸ் 11-ல் ஆட டிபிஎம் கேட்கும், லினக்ஸில் அது ஓடவே ஓடாது. அதனால் ஆதரவு போன விண்டோஸ் 10-ஐத்தான் தம்பி இன்னும் வைத்திருக்கிறார், வங்கி வேலையெல்லாம் செல்போனில். ஸ்டீமில் உள்ள மற்ற பல கேம்களை 2018-ல் வால்வ் கொண்டுவந்த புரோட்டான் லினக்ஸிலேயே ஓட்டிவிடுகிறது. சிப் வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறை ஐ5-3470 இன்னும் மலிவாகக் கிடைக்கும், வேகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி 2013-ல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. புது கேம்கள் சில அதைக் கேட்கின்றன. இல்லையென்றால் மெதுவாக ஓடுவதில்லை, திறக்கவே மறுக்கின்றன. எவ்வளவு நல்ல கார்டைச் செருகினாலும் அதற்கு மாற்றில்லை.