கோட்டையின் மெல்லிய சுவர்

ஏட்ரியாட்டிக் கடற்கரையிலே, குரோவேஷிய நாட்டின் தென்பகுதியில், துப்ரோவ்னிக் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அதன் மதில்மேல் சற்று உலாவி வருவோம், வாருங்கள்.

மதிலின் நீளம் ஏறத்தாழ 1,940 மீட்டர். உயரமோ சிலவிடங்களில் 25 மீட்டர். கடற்புறச் சுவரினும் நிலப்புறச் சுவர் தடித்தது. சிலவிடங்களில் அதன் தடிப்பு 6 மீட்டர். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமாயிற்று. அதன் பின்னர், பீரங்கிக்கு அஞ்சிய நகரத்தார் நிலப்புறத்தைப் பெரிதும் வலுப்படுத்தினர்.

இனி, மதிலின் மேற்குப் பக்கத்தில் நின்று வெளியே நோக்குங்கள். 37 மீட்டர் உயரப் பாறைமீது லோவ்ரியெனாட்ஸ் கோட்டை நிற்கிறது. அதன் வெளிப்புறச் சுவர் 12 மீட்டர் வரை தடிப்புடையது. நகரை நோக்கிய சுவரோ 60 சென்டிமீட்டரே! கட்டியவர் செய்த பிழையா இது? அன்று. கோட்டைத் தலைவன் என்றேனும் நகருக்கே பகைவனாக மாறிவிட்டால், நகரத்தார் அச்சுவரை எளிதில் தகர்த்துவிடலாம் அல்லவா?

அந்நாளில் இந்நகர் தனிக் குடியரசாக விளங்கியது. ஆட்சியுரிமை உயர்குடியினர்க்கே இருந்தது. எனினும், அவர்களுள் ஒருவர் நிலைத்த தலைவராகிவிடாதபடி காத்துக்கொண்டனர். நகரத் தலைவரின் பதவிக்காலம் ஒரே திங்கள்! அத்திங்கள் முழுவதும் அவர் அரசுப் பணியின் பொருட்டன்றி அரண்மனையை விட்டு வெளியேறவும் இயலாது.

1806-இல் பிரெஞ்சுப் படை நகருள் புகுந்தது. 1808-இல் குடியரசு முடிவுற்றது. 1991-இலும் 1992-இலும் பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தும் மதில் நிலைத்து நின்றது.

பகைவரைத் தடுக்கத் தடித்த சுவர் எழுப்புதல் எவர்க்கும் தோன்றும். காவலரையும் கட்டுக்குள் வைக்க மெல்லிய சுவர் ஒன்று வேண்டும் என எண்ணியதே இந்நகரத்தாரின் அரிய அறிவு.