களிமண் எருது

காவிரியும் அதன் கிளையாறுகளும் சோழ நாட்டிற்குக் கொணரும் செல்வம் இரண்டு. ஒன்று நீர், மற்றொன்று வண்டல். நீர் பயிரை வளர்க்கின்றது. வண்டலோ அப்பயிர் வேரூன்றும் நிலத்தையே வளர்க்கின்றது. இவ் 'வண்டல்' என்னும் சொல்லுக்கு நம் பழைய இலக்கியங்களில் வேறொரு பொருளும் உண்டு. சிறுமியர் ஈரமண்ணாலும் மணலாலும் பாவை செய்து ஆடிய விளையாட்டிற்கும் வண்டல் என்பதே பெயர். அவர்கள் செய்த உருவம் வண்டற்பாவை எனப்பட்டது. தான் செய்த பாவையைக் கடலலை கவர்ந்துகொள்ள, சினங்கொண்ட ஒருத்தி மணலை வாரியிட்டுக் கடலையே தூர்க்க முற்பட்ட செய்தியை ஐங்குறுநூற்றிற் காணலாம். நெல் விளையும் மண்ணே சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாகவும் அமைந்தது எத்துணைப் பொருத்தம்!

இவ்விளையாட்டு இன்றும் அற்றுவிடவில்லை. நவராத்திரி நாள்களில் வீடுகளிற் கொலு வைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கொலுப்படிகளின் அடுக்கினைத் தொல்காப்பியர் மரபியலிற் கூறும் உயிர்வகையோடு ஒப்பிட்டு விளக்குவோர் உண்டு. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர், நத்தை முதலியன ஈரறிவுயிர், எறும்பு முதலியன மூவறிவுயிர், நண்டு, தும்பி முதலியன நான்கறிவுயிர், விலங்குகள் ஐயறிவுயிர், மனமும் உடைய மக்கள் ஆறறிவுயிர் என்பது அவர் வகுத்த முறை. இவற்றுட் பலவும் நம் வயல்வரப்பிலேயே வாழ்வன. ஆதலின், அவற்றைக் கடையில் தேட வேண்டுவதில்லை. கண்ணாற் கண்டு கையாற் செய்யலாம்.

முதலில் மண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். கோடையிற் குளம் வற்றிய காலமே மண் எடுப்பதற்கு ஏற்றது. மேலே படிந்த குப்பையை நீக்கி, அடியிலுள்ள பசைமிக்க களியை எடுத்தல் வேண்டும். ஏரி குளங்களில் உழவரும் மட்கலம் வனைவோரும் கட்டணமின்றி வண்டலும் களியும் எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே ஒப்புதல் வழங்கும் முறையைத் தமிழ்நாட்டரசு 2024ஆம் ஆண்டு கொண்டுவந்தது. சிறுவர்க்கு வேண்டுவது ஒரு கூடை மண்ணே. அதனை அண்டையிலுள்ள குயவரிடம் பெற்றுக்கொள்வது எளிது; நீர்நிலையில் தனியே இறங்குதல் தகாது.

மண்ணை உலர்த்தி இடித்துக் கல்லும் வேரும் நீங்கச் சலித்து, இரண்டு நாள் நீரில் ஊற விடுக. பின்னர் மிதித்தும் பிசைந்தும் ஒருமைப்படுத்துக. அதில் ஒரு பகுதியை விரல்பருமன் கயிறாகத் திரித்து வளையமாக வளைத்துப் பார்க்க. வளையம் வெடித்தால் மண்ணிற் பசை குறைவு அல்லது ஈரம் குறைவு. கையில் ஒட்டினால் நீர் மிகுதி. வெடிக்காமலும் ஒட்டாமலும் வளைவதே உருவஞ்செய்தற்குரிய பதம்.

கால், தலை, வால் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து உடலோடு இணைக்கும்போது, ஒட்டும் இடம் இரண்டிலும் குச்சியாற் கீறி, களிமண் குழம்பைத் தடவி அழுத்துதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், உலரும்போது உறுப்புகள் கழன்று விழும்.

சில ஆண்டுகட்கு முன், காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து என் பேரன் எங்கள் சிற்றூருக்கு வந்திருந்தான். கொலுவிற்கு உருவங்கள் செய்யுமாறு அவனிடம் மண்ணைக் கொடுத்தேன். முதலில் அவன் ஒரு சிங்கம் செய்தான். பிடரிமயிர் முதலாக யாவும் பிழையின்றி அமைந்திருந்தன. அடுத்து அவன் செய்த எருதோ, நீண்ட கொம்பு முளைத்த நாய்போல் இருந்தது. படங்களிற் பலகாற் கண்ட சிங்கம் அவன் நெஞ்சில் நின்றது. தான் உண்ணும் சோற்றிற்கு உழுத எருது நிற்கவில்லை. நான் அதனைக் குறைகூறாமல், அண்டை வீட்டு உழவரின் கொட்டிலுக்கு அவனை அழைத்துச் சென்றேன். எங்கள் தெருவில் உழவெருது எஞ்சியிருந்த கொட்டில் அஃது ஒன்றே.

அங்கு நின்றவை உம்பளச்சேரி எருதுகள். நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளச்சேரி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் இம் மாட்டினம், காவிரிக் கழிமுகத்துச் சேற்று வயலிலே உழுதற்கென்றே அமைந்தாற் போன்றது. உருவிற் சிறியது, வலிமையிற் பெரியது. நெற்றியில் வெண்புள்ளியும் கால்களில் வெண்ணிறமும் இதன் அடையாளங்கள். செந்நிறமாகப் பிறக்கும் கன்று, சில திங்களில் சாம்பல் நிறம் பெறும். எருதுகட்கு இளமையிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கமும் உண்டு.

"தாத்தா, இவற்றிற்குக் கொம்பே இல்லையே!" என்று பேரன் வியந்தான்.

"இருந்து பார் தம்பி, திமில் எங்கே தொடங்குகிறது, கால் எங்கே மடங்குகிறது என்று தொட்டே பார்" என்றார் உழவர். பிறகு என்னை நோக்கி, "உழவுக்குத்தான் இயந்திரம் வந்துவிட்டதே, ஐயா. இவற்றை விற்றுவிடு என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

வீடு திரும்பியதும், எவரும் கூறாமலே அவன் தன் பழைய எருதைப் பிசைந்து மீண்டும் மண்ணாக்கினான். இரண்டாம் எருது நன்கு அமைந்தது. ஆயினும், விரைந்து உலரட்டும் என்று அதனை உச்சி வெயிலில் வைத்துவிட்டான். மாலையிற் பார்த்தபோது கழுத்தில் பெரிய வெடிப்பு. இதன் காரணம் எளிது. நீர் வெளியேறும்போது களிமண் சுருங்குகின்றது. வெயிலில் வெளிப்புறம் விரைந்து உலர்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே எழும் இழுப்பே வெடிப்பாகின்றது. ஆதலின், உருவத்தை ஈரத்துணியால் தளர மூடி நிழலில் மெல்ல உலர்த்துதல் வேண்டும்.

அவன் கண் கலங்கினான். "சூளையேறாத மண் கெட்டுப்போவதில்லை, நீரில் இட்டால் மீண்டும் களியாகும்" என்று கூறினேன். வெடித்த எருது அன்றிரவு நீரில் ஊறியது. மறுநாள் மூன்றாம் எருது பிறந்தது. அதன் வயிற்றைக் குடைந்து உள்ளீடற்றதாக்கி, அடியில் ஒரு துளையும் விட்டோம். கனத்த உருவத்தினுள் தங்கிய ஈரம், சூளையின் வெப்பத்தில் ஆவியாகி வெளியேற வழியின்றி உருவத்தை உடைத்துவிடும். ஐயனார் கோயில்களில் நிற்கும் பெரிய மண்குதிரைகளும் இக்காரணம்பற்றியே உள்ளீடின்றிச் செய்யப்படுகின்றன.

விழா முடிந்தது. நத்தையையும் நண்டையும் கொல்லையில் ஒரு தொட்டி நீரிற் கரைத்துச் செடிகட்கு ஊற்றினோம். சுடாத களிமண் இங்ஙனம் நிலத்தோடு கலந்துவிடும். 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்னும் சுண்ணப்பொடியாற் செய்த உருவங்கள் எளிதிற் கரையா. அதனால் அப்பொருளாற் சிலை செய்தலாகாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. சுட்ட மண்ணின் இயல்போ வேறு; அது நீரிற் கரையாது, நெடுங்காலம் நிலைக்கும். கீழடியிற் கிடைத்த பழைய சுடுமண் உருவங்களே இதற்குச் சான்று.

எருதை மட்டும் கரைக்கப் பேரன் இசையவில்லை. "இதைச் சுட்டுக் கொடுங்கள், தாத்தா. அடுத்த ஆண்டு அந்த மாடுகள் இருக்குமோ, இராவோ" என்றான். குயவர் தம் சூளையில் அதற்கும் ஓர் இடம் தந்தார். செந்நிறமாக வெளிவந்த எருதின் நெற்றியில், பேரன் சுண்ணாம்பினால் ஒரு வெண்புள்ளி இட்டான்.

மறு ஆண்டு அவன் வந்தபோது உழவரின் கொட்டிலில் ஓர் எருதே நின்றது. அவன் நெடுநேரம் அதன் அருகில் இருந்தான். பின்னர் வீட்டிற்கு வந்து, கொலுப்படியில் நின்ற களிமண் எருதின் பக்கத்தில் வைப்பதற்கு மற்றொன்று செய்யத் தொடங்கினான்.

மாணவர்களே! ஓர் உயிரைக் கையாற் படைக்க முயன்றாலன்றி, அதனை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கின்றோம் என்பது விளங்குவதில்லை. வரும் விடுமுறையில் ஒரு பிடி களிமண் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் வரப்பில் ஊர்வனவற்றையும், கொட்டிலில் நிற்பனவற்றையும் முதலிற் சென்று பாருங்கள். பார்த்தபின் செய்யுங்கள்.