விதைப் பாக்கெட்டுக்குள் இருக்கும் ஆராய்ச்சிக் காசு

கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போடும் சிறு விவசாயி ஒருவர் கடையில் விதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் அடங்கும் பாக்கெட். உள்ளே கடுகு மாதிரி விதை. எடைக்கு எடை பார்த்தால் அவர் விற்கப்போகும் முட்டைக்கோஸைவிட அந்த விதை பல நூறு மடங்கு விலை. ஏன் இந்த விலை? சுத்தம் செய்த செலவா, பாக்கெட் போட்ட செலவா, கப்பல் கூலியா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரு முக்கியப் பங்கு வேறு ஒன்றுக்குப் போகிறது. அந்த ரகத்தை உருவாக்க யாரோ பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அந்தச் செலவும் அடுத்த ரகத்துக்கான செலவும் விலைக்குள்ளே இருக்கின்றன.

பொருளியல் பாடத்தில் 'பொதுப் பண்டம்', 'சந்தைத் தோல்வி' என்று படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது. பயிர் ஆராய்ச்சிக்கு யார் காசு கட்டுவது? எந்த இடத்தில் வசூலிப்பது? கேள்வி இவ்வளவுதான். ஆனால் பதில் பயிருக்குப் பயிர் மாறுகிறது.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். 1930-களில் இலங்கை மலைத்தோட்டங்களில் டோர்ட்ரிக்ஸ் என்ற புழு தேயிலைக் கொழுந்தைச் சுருட்டித் தின்று பெரும் நட்டம் உண்டாக்கியது. தேயிலை ஆராய்ச்சிக் கழகம் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டது. குளவி அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிடும், புழு அடங்கிவிட்டது. இப்போது யோசியுங்கள்: குளவிக்குத் தோட்ட எல்லை தெரியுமா? ஒரு துரை காசு போட்டுக் குளவி வரவழைத்தால் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் பலன் ஓசியில் கிடைக்கும். அதனால் ஒவ்வொருவரும் 'அவன் செய்யட்டும்' என்று காத்திருப்பார்கள். கடைசியில் யாருமே செய்ய மாட்டார்கள். பாடநூல் 'இலவசப் பயனாளர் சிக்கல்' என்பது இதைத்தான்.

இலங்கையில் அது நடந்தது எப்படி? 1925-இல் சட்டம் போட்டே அந்தக் கழகத்தை அமைத்தார்கள். ஏற்றுமதியாகும் தேயிலை மீது செஸ் என்ற சிறு கட்டணம் விதித்து அதன் செலவைச் சமாளித்தார்கள். கழகம் தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. கட்டாயக் கட்டணம் என்பதால் ஓசிச் சவாரிக்கு இடமில்லை. பிற்பாடு அங்கிருந்து வந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற குளோன் இலங்கைத் தோட்டங்களில் பரவலாக நடப்பட்டது. (2025 என்பது ஆண்டு அல்ல, குளோனின் எண். மாணவர்கள் குழம்புவார்கள், சொல்லிவிடுங்கள்.)

அங்கே ஏன் விதை மீது கட்டணம் போடவில்லை? தேயிலையில் அது நடக்காத காரியம். நல்ல செடி ஒன்று இருந்தால் ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள தண்டுத்துண்டை வெட்டிப் பதியம் போட்டு ஆயிரம் செடி ஆக்கலாம். ஒருமுறை நட்டால் பல பத்தாண்டு நிற்கும். கேமரன் மலையில் போ நிறுவனம் 1929-இல் தொடங்கியது. ஒரு தோட்டம் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வியாபாரத்தில் விதைக் கட்டணம் வைத்து ஆராய்ச்சி நிலையம் நடத்த முடியுமா? அதனால் காசு ஓடும் வழியில் குறுகலான இடம் எது என்று தேடினார்கள். தேயிலைக்கு அது துறைமுகம்.

நம் நாட்டிலும் இதே கதைதான். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் சட்டம் மூலம் உருவாகி, ரப்பர் மீதான செஸ் பணத்தில் வளர்ந்தது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம் அங்கிருந்து வந்ததே. 1998-இல் அந்தக் கழகம் மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் சேர்ந்தது. செம்பனைக்கு 1979-இல் போரிம் ஆராய்ச்சிக் கழகம் வந்தது; 2000 மே மாதம் அது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஆனது. அங்கே குறுகலான இடம் ஆலை. நிலம் வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆலைகள் சில நூறுதான். பிழியும் ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் அங்கே செஸ் பிடித்துவிடலாம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேர்வில் பெரும்பாலான மாணவர்கள் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள். செஸ் கட்டுவது ஏற்றுமதியாளர் அல்லது ஆலை. ஆனால் சுமை யார் தலையில்? ரப்பர் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. வாங்குபவரிடம் 'செஸ் சேர்த்துக் கொடு' என்று கேட்க முடியாது. ஆகவே அது பின்னோக்கி நகர்ந்து, பால் விற்கும் சிறுதோட்டக்காரருக்குக் கிடைக்கும் விலையில் குறைகிறது. சரி, பலனும் அவருக்குக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைத்ததா? புது குளோன் நட வேண்டுமென்றால் பழைய மரத்தை வெட்ட வேண்டும். அடுத்த ஆறேழு ஆண்டு பால் இல்லை, வருமானமும் இல்லை. ஆயிரம் ஏக்கர் கம்பெனி பகுதி பகுதியாக வெட்டி நட்டுச் சமாளிக்கும். ஐந்து ஏக்கர்காரர் என்ன செய்வார்? கட்டணம் ஒரே விகிதம், பலன் ஒரே விகிதம் இல்லை. இதைச் சரிக்கட்டத்தான் 1952-இல் ரப்பர் மறுநடவு நிதி வந்தது. 1973-இல் ரிஸ்டா அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆராய்ச்சிக்கு மட்டும் செஸ் போதாது, ஆராய்ச்சியின் பலனை எடுத்து நடுவதற்கும் உதவி வேண்டும் என்பது அனுபவத்தில் தெரிந்த பாடம்.

இனி விதைக்கு வருவோம். விதை விற்கும் இடத்திலேயே கட்டணம் பிடிப்பது எப்போது சாத்தியம்? விவசாயி ஒவ்வொரு பருவத்துக்கும் கடைக்கு வந்தே தீர வேண்டும் என்றால் சாத்தியம். முட்டைக்கோஸ் அப்படிப்பட்டது. பாக்கெட்டில் 'எஃப்1' என்று போட்டிருந்தால் அது முதல் தலைமுறைக் கலப்பினம். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் செடிகள் ஒன்றுபோல் வராது. போதாததற்கு, முட்டைக்கோஸ் பூத்து விதை கட்ட வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும்; கேமரன் மலைக் குளிர் அதற்குப் பத்தாது. ஆகவே நிறுவனத்துக்குச் சட்டமே வேண்டாம், இயற்கையே வசூல் செய்து கொடுக்கிறது. நெல் அப்படி இல்லை. மார்டி 2001-இல் வெளியிட்ட எம்.ஆர். 219 நெல்லை அறுத்து, கொஞ்சம் ஒதுக்கி, மறுபடி விதைக்கலாம். அதனால்தான் நெல் ஆராய்ச்சியை அரசாங்கம் வரிப்பணத்தில் செய்கிறது. தனியார் அங்கே அதிகம் எட்டிப் பார்க்காததும் அதனால்தான்.

விதைக் கட்டணம் தனியார் கையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் பி.டி. பருத்தி நல்ல சான்று. மான்சாண்டோவும் மஹிகோவும் சேர்ந்த நிறுவனம், தன் மரபணு இருக்கும் ஒவ்வொரு 450 கிராம் பாக்கெட்டுக்கும் உரிமைத்தொகை வாங்கியது. தொடக்கத்தில் பாக்கெட் விலை 1,600 ரூபாய்க்கு மேல். அதில் பெரும் பகுதி இந்த உரிமைத்தொகை. 2006-இல் ஆந்திர அரசு வழக்குப் போட்டது. விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. 2015 டிசம்பரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. அதன்பின் உரிமைத்தொகை 2016-இல் 49 ரூபாய், 2018-இல் 39, 2019-இல் 20, 2020-இல் பூஜ்யம். இதற்கிடையில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த மரபணுவுக்குப் பழகிப்போனது. கட்டிய விவசாயிக்கு, 'அடுத்த ஆராய்ச்சி எதைப் பற்றி இருக்க வேண்டும்' என்று கேட்க ஒரு நாற்காலிகூட இருந்ததில்லை. என் பார்வையில் விலை உயர்வைவிட இதுதான் பெரிய குறை.

அதே இந்தியாவில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி ஒரு சிறு கட்டணம் வைத்திருக்கிறது. பதிவு பெற்ற ரகத்தின் உரிமையாளர் ஆண்டுக்கு 2,000 ரூபாயும், முந்தைய ஆண்டு விதை விற்பனையில் 0.2 விழுக்காடும், உரிமைத்தொகை வருமானத்தில் 1 விழுக்காடும் கட்ட வேண்டும். அது தேசிய மரபணு நிதிக்குப் போகிறது. பாரம்பரிய ரகங்களைக் காத்துவந்த விவசாயச் சமூகங்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்க அந்த நிதி பயன்படுகிறது. தொகை சின்னதுதான். ஆனால் திசையைக் கவனியுங்கள்: இங்கே கட்டுவது விதை விற்பவர், பெறுவது விவசாயி.

பிரான்சில் 2001 முதல் இன்னொரு வழி. கோதுமை விற்கும் விவசாயியிடம் டன் கணக்கில் ஒரு தொகை பிடிக்கிறார்கள். சான்றிதழ் பெற்ற விதை வாங்கியவருக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்; சிறு விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. வசூலில் 85 விழுக்காடு ரகம் உருவாக்கியவர்களுக்கு, 15 விழுக்காடு பொது ஆராய்ச்சி நிதிக்கு. சொந்த விதை வைத்திருப்பவரும் ஆராய்ச்சிக்குப் பங்கு கொடுக்கிறார். விதை வாங்குபவர் இரண்டு முறை கட்டுவதில்லை. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் எல்லாத் தானியமும் கொள்முதல் நிலையம் வழியாகப் போகும் நாட்டில்தான் இது ஓடும்.

மலேசியாவில் 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் சிறு விவசாயிகளுக்குச் சில சலுகைகளை வைத்திருக்கிறது: தன் நிலத்தில் விளைந்ததிலிருந்து மறுபடி பயிரிடலாம், மற்ற சிறு விவசாயிகளோடு நியாயமான அளவில் மாற்றிக்கொள்ளலாம். 2022 நவம்பரில் நமக்கு நடப்புக்கு வந்த சி.பி.டி.பி.பி. வணிக ஒப்பந்தமோ, உறுப்பு நாடுகளை யூபோவ் 1991 உடன்படிக்கையில் சேரச் சொல்கிறது. அது விதை சேமிக்க நாடுகளுக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. மாற்றிக்கொள்வதற்கு அந்த இடம் மிகக் குறுகல். சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது நெல் விவசாயிக்கு நேரடிக் காசுக் கணக்கு.

கேமரன் மலைக் காய்கறிக்கு இந்த மாதிரி செஸ் எதுவும் இல்லை. மார்டி தானா ராத்தாவில் நிலையம் வைத்திருக்கிறது. அது அரசாங்கப் பணத்தில் நடக்கிறது. காய்கறி லாரி லாரியாகப் பல சந்தைகளுக்கும் சிங்கப்பூருக்கும் போவதால், செம்பனை ஆலை போல் ஒரு குறுகலான வாசல் கிடையாது. ஒரே வாசல் விதைக் கடைதான். அங்கே ஏற்கெனவே வெளிநாட்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் காசு விலைக்குள் ஏறிவிட்டது. அதன்மேல் இன்னொரு கட்டணம் போட்டால் விவசாயி ஒத்துக்கொள்வாரா? மலைச்சரிவு மண், மருந்து எச்சம் என்று இந்த மலைக்கே உரிய சிக்கல்களுக்கு அந்தப் பணம் செலவாகும் என்றும், வாரியத்தில் காய்கறிக்காரர்களும் உட்காருவார்கள் என்றும் எழுதிக் கொடுத்தால் ஒருவேளை ஒத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் இதை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. காலி விதைப் பாக்கெட் வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் எந்த நாட்டில் உற்பத்தியானது, 'எஃப்1' குறி உண்டா, எத்தனை விதை, என்ன விலை என்று எழுதி வைக்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: பாக்கெட்டுக்கு 1 ரிங்கிட் ஆராய்ச்சிக் கட்டணம் போட்டால், அதைக் கட்டுவது கடைக்காரரா, விவசாயியா, பசார் மாலாமில் முட்டைக்கோஸ் வாங்கும் அம்மாவா? தேவை நெகிழ்ச்சி, அளிப்பு நெகிழ்ச்சி இரண்டையும் வரைந்து காட்டாமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.