மலிவாய் வந்த விமானங்கள் சொல்லும் கணக்கு



நான் பிறப்பதற்கு முன்பு என் தகப்பனார் இராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரி எடுத்தார். விலை மலிவுதான். ஆனால் அது குடித்த பெட்ரோலுக்கு, ஏற்றிய மூட்டையின் வாடகை கட்டவில்லை. இரண்டே வருடத்தில் தள்ளிவிட்டதாகச் சொல்வார். இதே கணக்கை மிகப் பெரிய அளவில் பார்த்த ஒரு விமானக் கம்பெனி உண்டு.

அதன் பெயர் பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸ். கப்பல் கம்பெனிகள் சில சேர்ந்து 1944இல் தொடங்கியது. 1946இல் அரசுடைமையாயிற்று. நடத்தியவர் போர்க்கால விமானப்படைத் தளபதி டான் பென்னட். 1946 ஜனவரி 1 அன்று இதன் விமானம் லண்டன் ஹீத்ரோவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது.

போர் முடிந்தபோது பிரிட்டனிடம் குண்டு வீசும் விமானம் ஏராளம். பயணிகள் விமானம் இல்லை. அமெரிக்காவில் வாங்க டாலர் இல்லை. எனவே லங்காஸ்டர் குண்டு விமானத்தின் துப்பாக்கிகளைக் கழற்றி, இருக்கை போட்டு, லங்காஸ்ட்ரியன் என்று பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் கணக்கு இடித்தது. குண்டு வைக்கக் கட்டிய ஒடுங்கிய உடலில் 13 பயணிகளே அமர முடியும். எஞ்சினோ நான்கு. அக்காலத்து அமெரிக்க டிசி-3 விமானம் இரண்டே எஞ்சினில் 21 பேரை ஏற்றியது. நெடுந்தூரம் போகும் சக்தி லங்காஸ்ட்ரியனுக்கு இருந்தது உண்மை. ஆனால் ஆள் குறையக் குறைய, ஒவ்வொரு தலையிலும் விழும் எண்ணெய்ச் செலவு கூடத்தானே செய்யும்?

அடுத்தது யார்க். பழைய சேஸிஸில் புது பாடி கட்டுவதுபோல, லங்காஸ்டரின் இறக்கையையும் எஞ்சினையும் வைத்து அகலமான உடல் கட்டினார்கள். இதில் சரக்குக்கும் இடம் தாராளம். மூன்றாவதாக வந்த டியூடர் 4, 32 பேருக்கானது. உள்ளே காற்றழுத்தம் காக்கும் வசதி உடையது.

ஆனால் இழப்புகள் தொடர்ந்தன. 1947 ஆகஸ்டில் ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற லங்காஸ்ட்ரியன் 11 பேருடன் ஆண்டிஸ் மலையில் மறைந்தது. அதன் சிதைவு 1998இல்தான் கண்ணில் பட்டது. 1948 ஜனவரியில் ‘ஸ்டார் டைகர்’ என்ற டியூடர், அசோர்ஸ் தீவிலிருந்து பெர்முடாவுக்கு எதிர்க்காற்றில் போகையில் 31 பேருடன் காணாமற்போனது. மறு ஆண்டு ஜனவரியில் ‘ஸ்டார் ஏரியல்’ 20 பேருடன் மறைந்தது. டியூடர் இரண்டும் எப்படிப் போயின என்று விசாரணையில் முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இயந்திரத்தின் மேல் மட்டும் பழி போட நமக்கு நியாயமில்லை. ஆனால் நம்பிக்கை போயிற்று. டியூடரைப் பயணிகள் சேவையிலிருந்து விலக்கினார்கள். 1949இலேயே கம்பெனி பிஓஏசி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

ஆள் ஏற்ற ஆகாது என்று தள்ளப்பட்ட டியூடர் வகை விமானங்களே, முற்றுகையில் கிடந்த பெர்லின் நகரத்துக்கு எரிபொருள் சுமந்து நல்ல பேர் வாங்கின. யார்க்குகளும் அங்கே சரக்கு ஏற்றின. எந்தப் பொருளும் அதற்கேற்ற வேலையில் இருந்தால்தான் பயன்.

மலிவாக வருவதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வாங்கும் விலையோடு, ஓட்டும் செலவையும், ஏற்றும் பாரத்தையும், கஷ்டம் வந்தால் தாங்கும் கையிருப்பையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அந்தக் கூட்டல் சரியாக வந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.