அறுவைக்கு முந்தைய வாரங்களில் நடை

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்ய முடிவான நாளுக்கும் அது நடக்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்கள் கிடைக்கின்றன. அவ்வாரங்களில் நோயாளியை அலுங்காமல் படுக்கவைத்துப் பேணுவதே அக்கறை என்று குடும்பத்தார் கருதுவது இயல்பே எனினும், ஆய்வுகள் அந்த ஓய்வுக்குச் சாதகமாக இல்லை.

அறுவைக்குப் பின் காயம் ஆறுவதற்கு உடலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டியிருக்க, அதை வழங்க வேண்டிய இதயமும் நுரையீரலும் தளர்ந்திருந்தால் தேறுவது தாமதமாகிறது. தையல் வலிக்கு அஞ்சி நோயாளி மேலோட்டமாக மூச்சுவிட்டு இருமலையும் அடக்குவதால், நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கி நிமோனியாவுக்கு இடமாகிறது. இந்த நெருக்கடிக்கு உடலை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் பயிற்சியே ‘ப்ரீஹாபிலிடேஷன்’ எனப்படுகிறது.

கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 77 பேருக்கும் ஒரே வகையான நடை, தசைப்பயிற்சி, புரத உணவு, மனத்தளர்வுப் பயிற்சி ஆகியவையே தரப்பட்டன. ஒரு பிரிவினர் அறுவைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பும், மற்றவர் அறுவைக்குப் பின்பும் தொடங்கினர் என்பதே வேறுபாடு. சமதளத்தில் நோயாளியை முன்னும் பின்னுமாக நடக்கவிட்டு, இளைப்பாற நின்றாலும் கடிகாரத்தை நிறுத்தாமல், ஆறு நிமிடத்தில் கடந்த தூரத்தை அளக்கும் எளிய சோதனையே அளவுகோலாக இருந்தது. எட்டு வாரங்களுக்குப் பின், முன்னதாகத் தொடங்கியவர்களில் 84 சதவீதத்தினரும் மற்றவர்களில் 62 சதவீதத்தினரும் பழைய நடைத்திறனை எட்டியிருந்தனர்.

ஆனால் இது எல்லாருக்கும் ஒன்றுபோல் பலிக்கும் என்பதற்கில்லை. முதுமையால் மிக நலிந்தோரிடம் அதே பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறையவில்லை. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு வியப்பளிக்கிறது: பிசியோதெரபிஸ்ட் அரைமணி நேரம் ஒரே ஒருமுறை அமர்ந்து, மயக்கம் தெளிந்தவுடன் ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டியதன் காரணத்தை விளக்கிப் பழக்கியதாலேயே, நுரையீரல் சிக்கல் 27 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. மற்ற பிரிவினருக்குக் கிடைத்தது அச்சிட்ட கையேடு மட்டுமே.

எனவே ‘கொஞ்சம் நடங்கள்’ என்று போகிறபோக்கில் சொல்லிவிடாமல், மாத்திரைச் சீட்டில் வேளை குறிப்பதுபோல எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதித் தருவதே தகும். பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல் ஆகியவை பலருக்கும் ஏற்றவை. கடும் ரத்தசோகை, குடலடைப்பு, இதயக்கோளாறு உள்ளோர் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்க வேண்டும், நெஞ்சுவலியோ தலைசுற்றலோ தோன்றினால் எவராயினும் உடனே நிறுத்த வேண்டும்.