சீஸ் வந்தது, கேப்டன் போனார்

சென்னையின் உயர்தர இத்தாலிய உணவகங்களில் இன்று இல்லாத சரக்கு கிடையாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கார்னரோலி அரிசி, துரும் கோதுமை பாஸ்தா, நேப்பிள்ஸ் பக்கத்துத் தக்காளி டப்பா, ஆலிவ் எண்ணெயில் நாலைந்து ரகம் என்று அலமாரி நிறைந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் விறகு அடுப்பு எரிகிறது. இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் அன்று சாப்பிட்டு எழுந்தபோது இருந்த திருப்தி இன்று இல்லை. ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, கார் வரும்வரை வாசலில் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிடலாமா என்று பேசிக்கொள்கிறோம்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டு உணவுப்பொருளை இறக்குமதி செய்வது லேசான காரியமாக இல்லை. கடைசிக் கட்டமாக எழுநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியதே 2001 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அதுவரை இத்தாலியச் சமையல் என்று இங்கே நடந்தது பெரும்பாலும் நம்மூர்ப் பொருளை வைத்துத்தான். ஆரோவில்லிலும் கொடைக்கானலிலும் செய்த சீஸ். ஊட்டியிலிருந்து வரும் காய்கறி. தக்காளிக்கு நாட்டுத் தக்காளியும் பெங்களூர்த் தக்காளியும். முன்னது புளிக்கும், பின்னதில் சாறு போதாது. இரண்டையும் கலந்து, கேரட்டைத் துருவிப் போட்டுப் புளிப்பை அடக்கி, சிறு தீயில் நெடுநேரம் சுண்டவைப்பார்கள். இத்தாலிக்காரர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்தால் புருவத்தை உயர்த்தியிருக்கலாம். ஆனால் ஜனவரியில் சாப்பிட்ட அதே சாஸ் ஆகஸ்டிலும் அதே ருசியில் வந்தது. பாஸ்தா அடுப்பில் நின்றவர் வருஷக்கணக்காக அதே அடுப்பில் நின்றவர் என்பதுதான் காரணம்.

வெளியே, மேஜைகளுக்கு நடுவே, கேப்டன் இருந்தார்.

ஓட்டல் தொழிலில் கேப்டன் என்றால் ஒரு பகுதி மேஜைகளுக்குப் பொறுப்பானவர். ஆர்டர் எடுப்பவர், சமையலறைக்கும் நமக்கும் நடுவில் நிற்பவர். நான் அப்போது போய்வந்துகொண்டிருந்த உணவகத்தின் கேப்டனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மேஜை துடைக்கிற வேலையில் சேர்ந்து, தட்டு தூக்கி, ஸ்டூவர்டாகிப் படிப்படியாக அந்த இடத்துக்கு வந்தவர். அவருடைய ஆட்களில் சிலர் தரமணி கேட்டரிங் காலேஜில் படித்தவர்கள். 1963-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் படித்து வந்த பையன்களுக்கே அவர்தான் மேஜையில் பாடம் எடுத்தார். ரிசோட்டோ கேட்டால், "இருபது நிமிஷம் ஆகும் மேடம், அதுவரைக்கும் சூப் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்பார். காத்திருப்பது நமக்குத் தெரிந்தே நடந்தது. அதனால் கோபம் வரவில்லை.

அப்பாவை முதன்முதலில் அங்கே அழைத்துப்போனபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அப்பா முட்டைகூடத் தொடாதவர். மெனுவில் சைவம் என்று போட்டிருந்த பாஸ்தாவைக் காட்டினேன். கேப்டன் குனிந்து, மெல்லிய குரலில், "ஐயா சுத்த சைவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அப்படின்னா இதுல மேலே தூவுற சீஸ் உங்களுக்கு வேண்டாம் ஐயா. கன்னுக்குட்டி இரைப்பையிலேர்ந்து எடுக்குற ரென்னெட் போட்டுத்தான் பாலைத் திரிப்பாங்க. நம்ம ஊர் சீஸ்ல அது கிடையாது. அதையே போடச் சொல்றேன்" என்றார். அப்பாவுக்கு இத்தாலிய உணவு பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அதற்காகவே மறுபடியும் மறுபடியும் வந்தார்.

கேப்டன் சொன்னது துல்லியமான தகவல். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டி ரென்னெட் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது இத்தாலியில் அந்தச் சீஸுக்கான விதி. ஒரு முழுச் சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். கிரானா பதானோவுக்கும் கன்றுக்குட்டி ரென்னெட்தான். சைவக்காரர்கள் நிறைந்த ஊரில் இந்த ஒரு விஷயம் தெரியாமல் இத்தாலிய உணவகம் நடத்தக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சமீபத்தில் அப்பாவை அதே இடத்துக்கு மறுபடி அழைத்துப்போனோம். உணவகத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். நாற்காலி, விளக்கு, சுவரில் இத்தாலியக் கடற்கரை, எல்லாம் புதுசு. மேஜையில் மெனு கிடையாது. மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் படம்பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். எழுபத்தெட்டு வயதுக்காரர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் போனை என்னிடம் நீட்டிவிட்டார். அச்சடித்த மெனு கேட்டோம். தேடிப் பார்க்கிறேன் என்று போனவர் வரவேயில்லை.

வேறொரு இளைஞர் வந்தார். அப்பா பழைய நினைவில், "இந்த சீஸ்ல ஏதாவது கலந்திருக்காப்பா?" என்று கேட்டார். "ப்யூர் வெஜ் சார்" என்று பதில் வந்தது. மெனுவிலும் பச்சைப் புள்ளி இருந்தது. அடுத்த வரியில் அதே உணவின் வர்ணனையில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று பெருமையாக எழுதியிருந்தது. நான் எடுத்துச் சொன்னேன். அந்தப் பையன் முகத்தில் பொய் இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவரச் சொன்னதற்கு, திரும்பி வந்து, "செஃப் பிஸியா இருக்கார் மேம்" என்றார். அப்பா பாஸ்தாவை விட்டுவிட்டு ரொட்டியும் சாலடும் சாப்பிட்டார்.

சாப்பாடு ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. காளான் ரிசோட்டோ அருமை என்றே சொல்ல வேண்டும். அரிசி நடுவில் லேசாகக் கடிபட, வெண்ணெயும் சாறும் சேர்ந்து தட்டில் மெதுவாகப் பரவியது. என் கணவர் கேட்ட பாஸ்தா குழைந்து, ஆறி, ஓரம் காய்ந்து வந்தது. பீட்சாவின் விளிம்பு கருகியிருந்தது, நடுவில் மாவு ஈரம். முதல் தட்டு வந்து இரண்டாவது தட்டு வருவதற்குள் முதல் தட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துவிட்டார். தண்ணீர் டம்ளர் காலியாகவே இருந்தது. ஏசியின் நேர்கீழே உட்கார்ந்திருந்த அப்பா துண்டைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டதைக் கடந்துபோன நாலு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரே இரவில், ஒரே சமையலறையிலிருந்து, ஒரு தட்டு அபாரமாகவும் இன்னொன்று மோசமாகவும் வருவதற்குக் காரணம் பொருளில் இல்லை. பீட்சாவையே எடுத்துக்கொள்வோம். நேப்பிள்ஸில் 1984-ல் தொடங்கிய பீட்சா சங்கம் வகுத்த முறைப்படி, விறகு அடுப்பின் சூடு 485 டிகிரி வரை ஏற வேண்டும். பீட்சா 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிட வேண்டும். தோசைக்கல் மாதிரிதான் அதுவும். அடுத்தடுத்து வார்த்துக்கொண்டே போனால் கல் ஆறிவிடும், சூடேற விட வேண்டும். மேலே கூரை கொதித்து, கீழே தளம் ஆறியிருந்தால் விளிம்பு கருகும், நடு வேகாது. எங்களுக்கு நடந்தது அதுதான். சென்னைச் சூட்டில் மாவு மளமளவென்று புளித்துவிடும் என்பது இன்னொரு சிக்கல். குளிர்பெட்டியில் எத்தனை மணி நேரம், வெளியே எத்தனை நிமிஷம் என்பதை மாவைத் தொட்டுப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் அந்தக் கைத்திறன். அடுப்பை இறக்குமதி செய்யலாம், கையை இங்கேதான் பழக்க வேண்டும்.

ரிசோட்டோவையும் பாஸ்தாவையும் முன்கூட்டியே பாதி வேகவைத்து வைத்துக்கொள்வது உலகம் முழுக்க உணவகங்களில் உள்ள வழக்கம். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். கடைசி ஐந்து நிமிஷத்தில் அடுப்பில் நிற்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று எங்கள் ரிசோட்டோவுக்குத் தெரிந்த கை கிடைத்தது, பாஸ்தாவுக்குப் புதுக் கை.

அந்தக் கையும் எதன் நடுவே வேலை செய்கிறது என்று பாருங்கள். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. தட்டுகளை வைக்கிற மேடையில் பாதி இடத்தைப் பழுப்புக் காகிதப் பைகள் பிடித்திருந்தன. டெலிவரி ஆர்டர்கள். பக்கத்தில் இருந்த கருவி மணியடித்துக்கொண்டே இருந்தது. 2020 ஊரடங்கில் உயிர் பிழைப்பதற்காகப் பெரிய உணவகங்களும் டெலிவரிக்கு வந்தன. அன்று அது நியாயம். மேஜைகள் நிரம்பிய பிறகும், ஆளைக் கூட்டாமல், அதே அடுப்பில் இரண்டு கூட்டத்துக்கும் சமைப்பது நியாயமில்லை. ஐம்பது பேருக்கான சமையலறை எத்தனை பேருக்குச் சமைக்கிறது என்று உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தன் தட்டு ஆறி வருவது மட்டும் தெரியும்.

கேப்டன் எங்கே என்று விசாரித்தேன். ஊரடங்கில் ஊருக்குப் போனவர்; திரும்ப அழைத்தபோது பழைய சம்பளத்தைவிடக் குறைவாகச் சொன்னார்களாம். வரவில்லை. அவரோடு போனவர்களில் சிலர் வளைகுடாவிலும் சிலர் சொகுசுக் கப்பல்களிலும் இருக்கிறார்கள். இப்போது மேஜை பார்க்கிற பிள்ளைகள் பலர் வடகிழக்கிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். பணிவுக்கும் உழைப்புக்கும் அவர்களிடம் குறைவில்லை. எங்களுக்குப் பரிமாறிய பையன் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலை பதினொன்றுக்கு வந்தவர் இரவு பதினொன்றுக்கும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மெனுவில் உள்ள ஒரு உணவைக்கூட ருசிபார்க்கத் தந்ததில்லை. சாப்பிட்டே பார்க்காத ஒன்றை ஒருவர் எப்படி விளக்கிச் சொல்வார்? அவர்மீது எனக்குக் கோபமில்லை. சீஸ் சக்கரத்துக்கும் சுவர்ச் சித்திரத்துக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பயிற்சியிலும் சம்பளத்திலும் கையை இறுக்கிக்கொள்கிற முதலாளிமீதுதான் கோபம். தொழிலில் ஆள் நிற்பதில்லை என்று முதலாளிகள் சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய கேப்டன் அங்கேயே நின்றவர்தானே!

பில் வந்தது. சாப்பாட்டுக்கு 4,800 ரூபாய். சேவைக் கட்டணம் 10 சதவீதம், 480. இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, 264. ஆக 5,544. தண்ணீர் ஊற்றக்கூட ஆள் வராத மேஜைக்குச் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் வரி. அன்றைய கேப்டன் காலத்தில் தோல் உறைக்குள் பில் வரும். வைக்கிற டிப்ஸ் நம் இஷ்டம். நாங்கள் மனமுவந்து வைத்தோம்.

சேவைக் கட்டணத்தை எடுத்துவிடச் சொன்னேன். மேலாளர் வந்து, அது உணவகத்தின் விதி என்றார். சட்டம் அவர் பக்கம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்டியே தீர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, சாப்பாட்டு விலையோடு சேர்த்து அதற்கு ஜிஎஸ்டியும் போடக் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டு நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொன்னதும் புதுப் பில் வந்தது: 5,040 ரூபாய். மிச்சமானது 504. அதில் ஒரு பகுதியை அந்தப் பையன் கையிலேயே கொடுத்தேன். அது அவருக்கு, உணவகத்துக்கு அல்ல.

உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அடுத்த முறை இத்தாலியிலிருந்து எதையாவது வரவழைப்பதற்கு முன், உங்களிடம் ஐந்து வருஷமாக வேலை பார்ப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இருக்கிறவர்களுக்கு மெனு முழுவதையும் ருசிபார்க்கக் கொடுங்கள். சைவம் கேட்பவருக்கு உண்மையான பதில் சொல்லப் பழக்குங்கள்.

சாப்பிடப் போகிறவர்களுக்கு: ஆறிவந்த தட்டை அங்கேயே, அப்போதே திருப்பி அனுப்புங்கள். நன்றாகப் பரிமாறியவர் பெயரைக் கேட்டு மேலாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யலாம்.