குதிரைத்திறனைக் கூட்டும் முன்

நம் கடலோரத்தில் பைபர் படகுகளின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் நமக்குப் பழகிய பொருள். மாட்டலாம், கழற்றலாம், கரைக்குத் தூக்கிச் செல்லலாம். இப்படி ஓர் எஞ்சினை முதலில் செய்தவர் ஓலே எவின்ரூட் அல்ல. ஆனால் அதைச் சாதாரண மக்கள் வாங்கும் பொருளாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் அவர்தான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய அவர் 1909-இல் விற்கத் தொடங்கிய எஞ்சின் 1.5 குதிரைத்திறன் கொண்டது. எடை சுமார் 28 கிலோ. அடுத்த நாற்பது ஆண்டுகளில் எவின்ரூட், ஜான்சன், மெர்க்குரி என்ற பெயர்கள் அமெரிக்க ஏரிகளெங்கும் பரவின. 1950-களில் வந்த அந்த எஞ்சின்களில் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றைத் தேடி வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுவோருக்கென்று 1965-லிருந்து அங்கே ஒரு சங்கமே இயங்கி வருகிறது. அப்படி ஒன்றை வாங்கி ஓடவைத்தவருக்கு விரைவிலேயே ஓர் ஆசை வரும்: இதை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்ட முடியாதா? முடியும். ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் எஞ்சினின் வயிற்றுக்குள் இல்லை. எஞ்சின் இப்போதே தரும் ஆற்றல் எங்கெல்லாம் வீணாகிறதோ, அங்கேதான் இருக்கிறது.

இதை ஒரு கணக்கிலிருந்தே தொடங்கலாம். நீரைக் கிழித்துச் செல்லாமல் நீர்ப்பரப்பின் மேல் ஏறி வழுக்கிச் செல்லும் படகுகளின் வேகத்தை மதிப்பிட, அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரவுச்சின் சூத்திரம் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படகின் மொத்த எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வேகம் அமையும் என்பது அதன் சாரம். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 300 கிலோ எடையுள்ள சிறு படகில் 18 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தால், வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர் ஹெட்டைச் சீவி, துளைகளை அகலப்படுத்தி, பெரும்பாடுபட்டு 10 சதவீத ஆற்றலைக் கூட்டினால் கிடைப்பது 42 கி.மீ. எஞ்சினைத் தொடாமல் படகிலிருந்து 30 கிலோவை இறக்கினாலும் அதே 42 கி.மீ. கிடைக்கும். பழைய படகுகளில் 30 கிலோவைக் கண்டுபிடிப்பது கடினமே அல்ல. இருக்கைக்கு அடியில் நீரை உறிஞ்சி ஊறிப்போன பஞ்சு நுரை, தேவைக்கு மேல் நிரப்பிய பெட்ரோல் டேங்க், எப்போதோ போட்டு மறந்த இரும்புச் சாமான்கள் என்று அது அங்கேயே கிடக்கும்.

இந்தக் கணக்கு, படகு நீர்மேல் ஏறிய பிறகுதான் பொருந்தும். ஏற முடியாத கனத்த படகின் வேகத்தை அதன் நீளமே கட்டிப்போடுகிறது. 12 அடிப் படகு மணிக்கு எட்டு, ஒன்பது கி.மீ.யைத் தாண்டத் திணறும். முகப்பு வானம் பார்க்க, பின்புறம் அமிழ, தான் எழுப்பிய அலையைத் தானே ஏற முயலும் அந்த நிலையில் கூடுதல் ஆற்றல் பெரும்பாலும் அலையாகவே கரைந்துபோகும். பல பழைய எஞ்சின்களில் மாட்டும் கொண்டிக்கு அருகே வரிசையாகச் சில துளைகளும் ஒரு கம்பியும் இருக்கும். கம்பியை ஒரு துளை தள்ளிச் செருகினாலே எஞ்சினின் சாய்வு மாறி, முகப்பு தாழ்ந்து, படகு எளிதாக மேலேறக்கூடும். இதற்குக் காசே ஆகாது.

அடுத்தது, எஞ்சினின் உடல்நலம். எழுபது வயதான எஞ்சின், தகட்டில் அச்சிட்ட குதிரைத்திறனை இன்னும் தருகிறது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அந்தக் கால எஞ்சின்களில் தீப்பொறி தருவது ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் மேக்னட்டோ. 1950-களின் ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களைத் திறந்தால், காயிலின் மேலுறை பாளம்பாளமாக வெடித்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அந்த வெடிப்பு வழியே மின்சாரம் கசிய, தீப்பொறி பலவீனமாகிறது. இரண்டு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாவிட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆற்றலில் பாதிக்கு மேல் போயிருக்கும். புதிய காயில், கண்டென்சர், 0.5 மி.மீ. இடைவெளிக்குச் சரிசெய்த பாயின்ட், சுத்தம் செய்த கார்புரேட்டர், புதிய வாட்டர் பம்ப் இம்பெல்லர் ஆகிய இவ்வளவும் சேர்ந்து மீட்டுத் தரும் ஆற்றலை எந்த லேத் பட்டறையும் புதிதாகச் செதுக்கித் தர முடியாது. இரண்டு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை முதலில் அளந்துவிட வேண்டும். இல்லையென்றால் மற்ற வேலைகளைத் தொடங்குவதில் பொருளில்லை.

எஞ்சின் சரியான பிறகு வருவது புரொப்பல்லர். அதிக வேகம் ஒளிந்திருக்கும் இடமும், குறைவாகக் கவனிக்கப்படும் இடமும் அதுதான். மரத்தில் இறங்கும் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே போவதுபோல, புரொப்பல்லர் ஒரு சுற்றில் நீருக்குள் எவ்வளவு முன்னேற வேண்டுமோ அந்தத் தூரமே அதன் பிட்ச். எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்ற, கியர் அதைப் பாதியாக்கி 2,250 ஆகத் தர, பிட்ச் 10 அங்குலம் என்றால், கணக்குப்படி வேகம் மணிக்கு 34 கி.மீ. நீர் மரம் அல்ல, நழுவும். அந்த நழுவல் 10 முதல் 20 சதவீதம் என்று வைத்தால், உண்மையில் கிடைப்பது 27 முதல் 31 கி.மீ. கனத்த மரப்படகுக்கென்று அன்று தந்த புரொப்பல்லரை இன்றைய மெல்லிய அலுமினியப் படகில் வைத்தால் எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றும். ஆனாலும் படகு அதற்கேற்ற வேகம் பிடிக்காது. மாறாக, வேக ஆசையில் பிட்ச் மிக அதிகமான ஒன்றை மாட்டினால் எஞ்சின் திணறும். திணறும் எஞ்சின் சூடாகும், பிஸ்டனைத் தின்னும். எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி வைக்கும் மலிவான சுற்றுமானி ஒன்றை வாங்கி, முழு ஆக்சிலரேட்டரில், வழக்கமான சுமையோடு ஓட்டிப் பார்ப்பது. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள், அதன் மேல்முனைக்கு அருகில் சுற்று நிற்குமாறு பிட்ச்சை மாற்றிக்கொண்டால், அந்த எஞ்சினின் முழு ஆற்றலும் அந்தப் படகுக்குக் கிடைக்கும்.

புரொப்பல்லரோடு சேர்ந்தது எஞ்சினின் உயரம். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். மேலிருந்து காற்று உறிஞ்சப்படாமல் காப்பது அதன் வேலை. அந்தத் தட்டு படகின் அடிப்பரப்போடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பழைய எஞ்சின்கள் பெரும்பாலும் 15 அங்குலப் பின்பலகைக்காகச் செய்யப்பட்டவை. படகோ 13, 14 அங்குலத்தில் இருக்கலாம். அப்போது எஞ்சினின் கீழ்ப்பாகம் தேவையில்லாத ஆழத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு வரும். வேகம் இரட்டித்தால் அந்த இழுவை நான்கு மடங்காகும். கொண்டிக்கு அடியில் அரை அங்குல மரத்துண்டு வைத்து உயர்த்தி, ஓட்டிப் பார்த்து, மீண்டும் அரை அங்குலம் உயர்த்தி, திருப்பங்களில் புரொப்பல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். குளிர்விக்கும் நீர் தடையின்றி வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது கட்டாயம்.

எஞ்சினின் உள்ளே கைவைக்க வேண்டாம் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எவின்ரூட், ஜான்சன் நிறுவனங்களே 1957-இல் 18 குதிரைத்திறனுக்கு விற்ற 22 கன அங்குல எஞ்சினிலிருந்து, பின்னாளில் 20, 25 குதிரைத்திறன் எடுத்தன. தயாரித்தவரே செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது? நியாயமான கேள்விதான். ஆனால் தயாரித்தவர் ஹெட்டை மட்டும் சீவிவிட்டு நிறுத்தவில்லை. கலவையை உள்ளே விடும் வழி, எரிந்த புகை வெளியேறும் வழி, கார்புரேட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைச் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்தே அவர்களால் விற்க முடிந்தது. அந்த 25-ஐ அப்படியே எட்டிவிட்டாலும், கிரவுச் கணக்குப்படி 40 கி.மீ. ஏறத்தாழ 47 ஆகும். ஆற்றல் 39 சதவீதம் கூடினால் வேகம் 18 சதவீதம்தான் கூடும். அந்த ஆசை உள்ளவருக்கு நேர்வழி, அதே குடும்பத்தின் 25 குதிரைத்திறன் எஞ்சினையே தேடி வாங்குவது.

இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அன்றைவிட அதிகம், ஆகவே கம்ப்ரெஷனைக் கூட்டினால் தாங்கும் என்பது இன்னொரு வாதம். கொஞ்சம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதே பெட்ரோலில் இன்று எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும், கார்புரேட்டருக்குள் மிதக்கும் கார்க்கின் மேற்பூச்சையும் கெடுக்கும். மேலும், தவறினால் திரும்பிப் போக வழி குறைவு. எவின்ரூட், ஜான்சன் இரண்டையும் தயாரித்த தாய் நிறுவனம் 2000-இல் திவாலானது. பின்னர் அந்தப் பெயர்களை வாங்கிய நிறுவனம், எவின்ரூட் என்ற பெயரில் எஞ்சின் செய்வதையே 2020-இல் நிறுத்திவிட்டது. சீவிய ஹெட்டை மீண்டும் வளர்க்க முடியாது. புரொப்பல்லரையும் மரத்துண்டையும் காயிலையும் பத்து நிமிடத்திலோ ஒரு நாளிலோ பழையபடி மாற்றிவிடலாம்.

எதையும் மாற்றவே கூடாது, பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்போரும் உண்டு. காட்சிக்கு வைக்கும் எஞ்சினுக்கு அது சரி. நீரில் ஆட்களை ஏற்றிச் செல்லும் எஞ்சினுக்கு முழுக்கச் சரியல்ல. 1950-களின் பல எஞ்சின்கள் டேங்குக்குள் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் பெட்ரோலை வரவழைத்தன. வயதான டேங்கின் கேஸ்கெட் விட்டுப்போனால் அழுத்தத்தோடு பெட்ரோல் பீறிடும். அதற்குப் பதில் சிறிய டயஃப்ரம் பம்ப் ஒன்றைப் பொருத்துவது பாதுகாப்புக்கான மாற்றம். ஓட்டுபவர் நீரில் விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச்சும் அப்படித்தான். அதைப் பொருத்தும்போது ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும்: இரண்டு பாயின்ட் உள்ள மேக்னட்டோவில் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி இணைத்தால், ஒரு பாயின்ட் மூடும்போது மற்றதும் முடங்கும், எஞ்சின் ஓடாது. இரண்டையும் தனித்தனியே தரையிணைப்புக்கு விடும் சுவிட்ச் தேவை. வேகத்தைக் கூட்டும் எவரும் இந்தச் சுவிட்ச்சை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதை நினைக்க வேண்டும். படகின் தகட்டில் எழுதிய உச்சக் குதிரைத்திறனை மீறாமல் இருப்பதும் அதே கடமையின் பகுதி.

கடைசியாக, சூழலைப் பற்றிய கேள்வியைத் தவிர்க்க முடியாது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தனக்கு ஊற்றிய பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே நீரில் விடுகிறது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அமெரிக்காவின் டஹோ ஏரியில் 1999-இல் தடை வந்தது இதனால்தான். நல்ல காயிலும் சரியான புரொப்பல்லரும் அந்தக் கேட்டைக் குறைக்கும், நீக்காது. ஆனால் துளைகளை அகலமாக்கி ஆற்றலைக் கூட்டும் வழி அதை அதிகப்படுத்தவே செய்யும் என்பதால், இந்தக் கேள்வியும் என் வாதத்தின் பக்கமே நிற்கிறது. பழைய எஞ்சினை அனுமதியுள்ள நீரில், அளவோடு ஓட்டுவதே அதை நேசிப்பவருக்கு அழகு.

ஆகவே கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் செலவிட ஒரு வரிசை உண்டு: முதலில் பாதுகாப்பு, அடுத்து தீப்பொறியும் குளிர்ச்சியும், பிறகு படகின் எடை, பின்னர் சாய்வும் உயரமும், கடைசியில் புரொப்பல்லர். இந்த ஐந்தையும் முடித்த பிறகும் ஹெட்டைச் சீவ வேண்டும் என்று தோன்றினால் அது ஒருவரின் உரிமை. ஆனால் இந்த ஐந்தையும் ஒழுங்காக முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தேவையே எழாது. தேடிய வேகம் அதற்குள் கிடைத்திருக்கும், எஞ்சினும் அடுத்த தலைமுறைக்கு முழுசாக மிஞ்சியிருக்கும்.